உயிரோடு மேலே வந்தவள்

கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாறையேறும் இருசம்மாள் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பொணம் எடுக்கிற அம்மா வீடு என்று கேட்டால், டீக்கடைக்காரர் கையில் இருக்கிற வடிகட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ரோட்டுக்கு வந்து வழி காட்டுவார். முனியனுக்கு இதுதான் ஆறாத மனக்குறை. இருசம்மாள் அவனுடைய மனைவி. அவள் ஏறிய பாறைகளுக்கெல்லாம் அடியில் நின்று கயிறு பிடித்தவன் அவன். அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் பெங்களூரிலிருந்து பாறையேறும் குழு ஒன்று கல்வராயன் மலைக்கு வந்தது. குழுவை நடத்திக்கொண்டு வந்த தனசேகரன் கள்ளக்குறிச்சிக்காரர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் பாறை பாறையாகத் திரிகிறவர். மூட்டை சுமக்கவும் சோறாக்கவும் ஆள் வேண்டும் என்று கேட்டு, முனியனையும் இருசம்மாளையும் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவர்கள் ஏற வந்தது ஊமைப்பாறை. அதற்கு முன்னால் நின்று என்ன கத்தினாலும் எதிரொலி வராது. நடுவில் ஒரு பெரிய கூரை மாதிரி பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சத்தத்தையெல்லாம் அதுவே விழுங்கிக்கொள்ளும். மலைக்காரர்கள் அந்தப் பக்கம் மாடுகூட மேய்க்க மாட்டார்கள். குழுவில் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களும் கூரைக்குக் கீழே பாதி வழியிலேயே திரும்பித் திரும்பி இறங்கினார்கள்.

கடைசி நாள் மத்தியானம் சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த இருசம்மாள் எழுந்து வந்து, "சார், எனக்கும் ஒரு தபா கட்டி உடுங்க" என்றாள்.

தனசேகரன் சிரிக்கவில்லை. இடுப்பில் வாரைக் கட்டிக் கயிற்றை மாட்டிவிட்டார். புடவையை வரிந்து சொருகிக்கொண்டு ஒரு தென்னைமர உயரம் ஏறினாள். அங்கே கால் ஆடத் தொடங்கியது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் பாறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கயிற்றில் இறக்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், முனியனும் சிரித்தான்.

"சிரிச்சியே, நீ ஏறு பாப்பம்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் அவள் ஏறியதில் பாதிகூட ஏறவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரித்ததில்லை.

குழு போகும்போது பழைய கயிறு ஒன்றையும் சில கொக்கிகளையும் தனசேகரன் விட்டுவிட்டுப் போனார். சாமைக் கொல்லையில் வேலை ஓய்ந்ததும் இருசம்மாள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு சின்னப் பாறைகளாகப் பார்த்துக் கிளம்பிவிடுவாள். முனியன் பின்னால் போவான். முதலில் பயத்தில் போனான். பிறகு அவள் ஏறுவதைப் பார்க்கவே போனான். அவளுக்கு அது சுலபமாக வந்துவிடவில்லை. முழங்கை கிழியும், நகம் பெயரும். ஒரே இடத்தில் பத்து நாள் விழுவாள். பதினோராம் நாளும் அதே இடத்துக்குத்தான் போவாள்.

"அப்பிடி இன்னா இருக்குது அதுல?" என்று ஒருநாள் கேட்டான்.

பெயர்ந்த நகத்தை ஊதிக்கொண்டே சொன்னாள். "மேல ஏறிக்கினு இருக்கும்போது தலைக்குள்ள ஒன்னுமே இல்ல மாமா. அடுத்த கை எங்க வெக்கிறதுங்கறது மட்டுந்தான். அந்த நேரத்துல யாரும் என்ன ஒன்னும் கேக்க முடியாது."

ஊரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் ஏன் ஒன்றும் தங்கவில்லை என்று அவன் அம்மா கேட்டாள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் பெண்கள் கேட்டார்கள். பாறையில் தொங்கினால் எப்படித் தங்கும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

எண்பத்துநாலு மாசியில் தனசேகரன் மறுபடி வந்தார். இந்தத் தடவை மூவர் மட்டும். அவர் முன்னால் ஏற, இருசம்மாள் அடுத்து, அவள் பின்னாலேயே திரிந்து கயிறு பழகியிருந்த முனியன் கடைசி. பாதி உயரத்தில் மூன்று பேர் நெருக்கிக் குந்துகிற அளவுக்கு ஒரு திட்டு இருந்தது. அதற்கு மேலே கூரை. தனசேகரன் கூரைக்குக் கீழே கைவைத்தவர், பிடி நழுவி விழுந்தார். கயிறு தாங்கியது, ஆனால் தோள்பட்டை கழன்றுவிட்டது. வலியில் முகம் வெளுத்துப்போய், "போதும். எறங்கிடலாம்" என்றார்.

இருசம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "நீங்க உக்காருங்க சார். நான் போயி ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்" என்றாள், பக்கத்து வீட்டுக்குப் போய்வருகிறவள் மாதிரி.

முனியன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் கூரையின் விரிசலுக்குள் முஷ்டியைச் செருகி, கால்களை மேலே தூக்கி, தலைகீழாக வவ்வாலைப்போல நகர்ந்தாள். அவள் முதுகுக்குக் கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு கால்களும் நழுவி ஒற்றைக் கையில் தொங்கினாள். முனியன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு கயிறு கையில் ஊர்ந்து மேலே போவதை உணர்ந்துதான் திறந்தான். அவள் கூரையைத் தாண்டிவிட்டிருந்தாள். பிறகு அவர்கள் இருவரையும் கயிற்றில் ஒவ்வொருவராக மேலே ஏற்றினாள். உச்சியில் காய்ந்த புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பத்திரிகையில் படம் வந்தது. வடக்கே மலையேற்றப் பள்ளிக்கு அவளை அனுப்பினார்கள். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாமல் போய், முதல் ஆளாகத் தேறி வந்தாள். பெண்கள் மட்டுமே போன ஒரு குழுவோடு, பனிக்கு நடுவே நிற்கும் ஒரு கல் கோபுரத்தில் ஏறினாள். டெல்லியில் நடந்த போட்டியில் செயற்கைச் சுவரில் ஏறிக் கோப்பை வாங்கினாள். கர்நாடகத்தில் ஒரு பாறையில் அவள் கண்டுபிடித்த வழிக்கு இருசம்மாள் வழி என்றே பேர் வைத்தார்கள். இந்த நாட்டில் பெண்கள் அதுவரை நினைத்துப் பார்க்காத பாறைகளில் அவள் முன்னால் போனாள். பின்னால் வந்தவர்களுக்கு அவள் அடித்த ஆணிகள் இருந்தன.

கோப்பையோடு ஊருக்கு வந்தபோது, "மேல இன்னா இருந்துச்சி?" என்று கேட்டார்கள்.

"ஒன்னுமில்ல."

"அப்பறம் எதுக்குப் போன?"

பதில் முனியனுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் சமவெளியிலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஒருவன் நெடுஞ்சுனை அருவியில் வழுக்கி விழுந்தான். அருவிக்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறையின் இடுக்கில் உடல் சிக்கிக்கொண்டது. மழை விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் பாடுபட்டார்கள். பாறை பாசி பிடித்து எண்ணெய் மாதிரி இருந்தது. பையனின் அப்பா விளிம்பில் நின்று கீழே பார்த்துப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரோ இருசம்மாளைப் பற்றிச் சொல்ல, போலீஸ் ஜீப் வீட்டுக்கு வந்தது.

அவள் இறங்கினாள். முனியன் கயிறு பிடித்தான். உடலைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி மேலே அனுப்பினாள். மேலே வந்ததும் ஒரு மரத்தடிக்குப் போய் வாந்தியெடுத்தாள். அந்த அப்பா ஈரத் தரையில் விழுந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்கண்ணுக்கு எம்புள்ள மூஞ்சக் காட்டிட்டியே தாயி" என்று அழுதார்.

அன்றிலிருந்து அது அவள் வேலையாகிப்போனது. ரோடு நல்லதாகி, அருவி பார்க்க ஆட்கள் கூடக்கூட, விழுகிறவர்களும் கூடினார்கள். தெரியாமல் விழுந்தவர்கள், குடித்துவிட்டு விழுந்தவர்கள், வேண்டுமென்றே விழுந்தவர்கள். ஜீப் சத்தம் கேட்டாலே அவள் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். முனியன் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னான். "பெத்தவங்க மேல நின்னுக்கினு இருப்பாங்க மாமா" என்பாள். அவனும் எழுந்து கூடவே கிளம்புவான்.

ஊர் ஒதுங்கத் தொடங்கியது. நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு அவளைத் தாண்டிப் போனது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், இப்போதுதான் தூங்கிற்று என்று திரையை இழுத்தார்கள். முன்பு அவள் கையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள்கூட, வாங்கினபிறகு ஓரமாக வைத்துவிட்டு மறந்தவர்கள் மாதிரி போனார்கள்.

ஒவ்வொரு உடலை எடுத்த பிறகும் மறுநாள் அவள் ஊமைப்பாறைக்குப் போவாள். "கையக் கழுவிக்கினு வரேன்" என்பாள். ஏறி இறங்கி வந்தால்தான் சோறு இறங்கும். அந்த வருஷங்களில் அவள் ஏறியதைப் பார்த்தவன் முனியன் ஒருவன்தான். நாற்பது வயதில், இருபது வயதில் ஏறியதைவிட நன்றாக ஏறினாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம், வெயில் நன்றாக ஏறின நேரம், ஜீப் வந்தது. வடக்கனந்தல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் பையனும் அருவியில் குதித்துவிட்டார்கள் என்றார் ஆய்வாளர். பெண் நிலமுள்ள குடும்பம், பையன் காலனி. இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். பெண்ணின் அண்ணன் வீரமுத்து உறவுக்காரர்களோடு வேனில் துரத்திக்கொண்டு வந்திருக்கிறான். பாறை விளிம்பில் செருப்புகள்தான் கிடைத்தன.

விளிம்பில் பத்திருபது பேர் நின்றார்கள். வீரமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இருசம்மாள் வழக்கம்போல யாரையும் பார்க்காமல் இறங்கினாள். முனியன் ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கயிறு பாதி போய் நின்றது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "மாமா! உயிர் இருக்குது மாமா! பொண்ணுக்கு உயிர் இருக்குது!"

இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பள்ளத்திலிருந்து ஒருமுறைகூட அப்படிக் கத்தியதில்லை. முனியன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிர் இருக்குதாம் சார், உயிர் இருக்குதாம்" என்று சின்னப்பிள்ளை மாதிரி சொன்னான்.

கீழே நடந்ததை அவள் பிற்பாடு அவனிடம் சொன்னாள். பையன் அடியில் தண்ணீரில் செத்துக் கிடந்தான். பெண் ஒரு திட்டில் விழுந்திருந்தாள். கணுக்கால் ஒடிந்து, உதடு கிழிந்து, ஆனால் நல்ல நினைவோடு இருந்தாள். பேர் அஞ்சலாட்சி. கயிற்றைக் கட்டப் போனதும் தட்டிவிட்டாள்.

"என்ன உட்டுடுக்கா. நான் இங்கியே இருந்துடறேன். மேல எங்கண்ணன் நிக்குது."

"உங்கண்ணன் அழுதுக்கினு நிக்குதும்மா. மாரடிச்சிக்கினு அழுவுது."

"அழுவும். அது நெஜமாத்தான் அழுவும். அப்பறம் வூட்டுக்குக் கூட்டினு போயி கொன்னுடும்."

இருசம்மாள் அவள் பக்கத்தில் அந்தத் திட்டில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். "நீ அவங்க வூட்டுக்குப் போவ வேணாம். எங்க வூட்டுக்குக் கூட்டினு போறேன். எனக்குப் புள்ள இல்ல. நீ இருந்துக்க. என்னத் தாண்டி எவனும் வர மாட்டான். வா."

அந்தப் பெண் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிறகு தானே இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தாள், கட்டிக்கொள்ளச் சொல்லி.

அவளை முதுகில் கட்டிக்கொண்டு இருசம்மாள் ஏறினாள். மேலேயிருந்து பத்துப் பேர் இழுத்தார்கள். ஆனால் பாசிப் பாறையில் காலை வைத்து, ஒடிந்த கால் எதிலும் இடிக்காமல் பார்த்து ஏறியது அவள்தான். முனியன் பல பெரிய ஏற்றங்களைப் பார்த்தவன். அதைவிடப் பெரிய ஏற்றம் அவன் பார்த்ததில்லை. விளிம்பில் அவள் தலை தெரிந்தபோது கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கரியாலூர்க்காரர்கள் அவளுக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

வீரமுத்து ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். "எங்கள உட்டுட்டுப் போவப் பாத்தியே அஞ்சலை" என்று கதறினான். பார்த்தவர்கள் கண்ணெல்லாம் கலங்கிற்று. அந்தப் பெண் மட்டும் இருசம்மாளின் இடுப்பு வாரை இறுக்கப் பிடித்திருந்தாள்.

இருசம்மாள் ஆய்வாளரைப் பார்த்து, "சார், இந்தப் பொண்ணு எங்கூட இருக்கட்டும். அதுக்கு வூட்டுக்குப் போவ பயமா இருக்குதாம்" என்றாள்.

"இந்தாம்மா, உன் வேலைய நீ நல்லா செஞ்சிட்ட. அதோட நில்லு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, தணிவாகத்தான் சொன்னார். "கால் ஒடிஞ்சி கெடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாமா? கூடப் பொறந்தவன் நிக்கிறான், பாத்துக்கமாட்டானா?"

"கொன்னுடுவாங்கன்னு சொல்லுது சார்."

"குதிச்ச அதிர்ச்சி. அப்பிடித்தான் பேசும். நாங்க இருக்கறம் இல்ல?"

உறவுக்காரர்கள் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார். "நீ தெய்வம்மா. எங்க புள்ளய எங்ககிட்டக் குடுத்துடு" என்றார். பெண்ணின் கையை வீரமுத்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை. வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

இருசம்மாள் குனிந்து, வாரைப் பிடித்திருந்த அந்த விரல்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "போ கண்ணு. கட்டுப் போட்டுக்கினு வா. நான் நாளைக்கே வந்து பாக்கறேன்" என்றாள்.

அஞ்சலாட்சி அழவில்லை. இருசம்மாளைப் பார்க்கவும் இல்லை. வேனில் தூக்கி வைத்தபோது கூரையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

பையனின் உடலையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சொன்னபடி மறுநாளே இருசம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணன் மனைவி மரியாதையாக எழுந்து நின்று காபி வாங்கிக் கொடுத்தாள். பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுத்த வாரம் போனபோது வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டிருந்தார்கள். ஊரை விசாரித்துப் பஸ் பிடித்துப் போனாள். வீரமுத்து தெருவிலேயே எதிரே வந்தான். "நல்லாக்கீதுங்க. தூங்கிக்கினு இருக்குது. நீங்க இவ்ளோ தூரம் வரணுமாங்க?" என்றான். உள்ளே கூப்பிடவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டு வந்தாள்.

ஐப்பசி பிறந்தபிறகு, அந்தப் பக்கத்துக்குக் கடுக்காய் ஏற்றிப்போன வேன் டிரைவர் டீக்கடையில் சொன்னதை முனியன் கேட்டான். அந்தப் பெண் வயிற்றுவலி தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டதாம். அன்றைக்கே எரித்துவிட்டார்களாம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வீடு வரை இருந்த தூரம் போதவில்லை. எப்படிச் சொல்வது என்று தீர்மானிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. இருசம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். சிந்தியிருந்த மணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு எழுந்து, கட்டின புடவையோடு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். முனியனும் கூடப் போனான்.

"வயித்து வலின்னு பெத்த அப்பனே எழுதிக் குடுத்துட்டான்மா. நாங்க இன்னா செய்ய முடியும்?" என்றார் அதே ஆய்வாளர்.

"அது அன்னிக்கே சொல்லிச்சி சார். நானும் சொன்னேன்."

அவர் மேசைமேல் இருந்த எதையோ நகர்த்தி வைத்தார். "பஸ்ஸு போயிடும், கெளம்புங்க" என்றார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். சாம்பலைக்கூட ஆற்றில் கரைத்துவிட்டார்கள், இனி எதைக் காட்டுவது என்று அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பையனின் வீட்டைத் தேடிப் போனார்கள். அவர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். அதற்குமேல் போக இடமில்லை.

இருசம்மாள் அதற்குப் பிறகு கயிற்றைத் தொடவில்லை. உடல் எடுக்க ஜீப் வந்தது. "போவல" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். மறுபடி வந்தது. மறுபடியும் அதே சொல். ஊமைப்பாறைக்கும் போகவில்லை. முனியனுக்கு அதுதான் பயமாக இருந்தது. சோறு ஆக்கினாள், கொல்லைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எங்கோ எட்டாத இடத்தில் இருந்தாள். எவ்வளவு உயரத்திலும் கயிற்றின் ஆட்டத்தை வைத்தே அவள் மனசைச் சொல்லிவிடக்கூடியவன், ஒரே வீட்டுக்குள் அவளைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "நீ எறங்கலன்னா அது அன்னிக்கே அங்கியே செத்திருக்கும். உன்னால இன்னா ஆச்சி?"

"செத்திருக்கும்தான்" என்றாள். "அந்தப் பையனோடவே செத்திருக்கும். அத்தோட இஷ்டத்துக்கு செத்திருக்கும். நான் வான்னு சொல்லிக் கூட்டினு வந்தேன் மாமா. கை தூக்கிக் குடுத்துச்சி. இவ்ளோ வருசமா பொணத்தயே எடுத்து எடுத்து எம்மா பத்திரமா ஒப்படைச்சிருக்கேன். உயிரோட ஒன்னே ஒன்னு வந்துச்சி. அதக் காப்பாத்தத் தெரியல."

அவன் வாயில் வந்த சமாதானம் எதுவும் அவனுக்கே நிற்கவில்லை.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் மாவரைக்கிற குஞ்சம்மாள் என்ற பெண்ணின் மகன், லாரி கிளீனர், சிநேகிதர்களோடு அருவிக்கு வந்து விழுந்துவிட்டான். உடல் அதே இடுக்கில் சிக்கியது. ஜீப் வரவில்லை; இருசம்மாள் வர மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. குஞ்சம்மாளே வழி கேட்டுக்கொண்டு வந்து வீட்டுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. இருசம்மாள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி, அந்தப் பெண்ணின் நிழல் அவள் காலடிக்கே சுருங்கியது.

முனியனால் தாங்க முடியவில்லை. கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஐம்பது கடந்திருந்தது. தனியாகப் பாறையில் முன்னால் போனவன் அல்ல. "வாம்மா, போவலாம்" என்று குஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு நடந்தான்.

அருவி விளிம்பில் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. இருசம்மாள் வந்து நின்றாள். அவன் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தாள். அவிழ்த்து ஒழுங்காகப் போட்டாள். மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் இத்தனை காலம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எறங்கறியா?" என்று கேட்டான். அவன் குரலில் ஆசை இருந்தது.

"இல்ல. நீ போ. நான் புடிச்சிக்கறேன்."

அவன் இறங்கினான். ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தான். கயிறு ஒரு சாண்கூட இளகாமல் அவனை நிறுத்தியது. பையனின் உடலைக் கட்டியபோது, இதை அவள் எத்தனை முறை தனியாகச் செய்திருப்பாள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. பாறையில் சாய்ந்துகொண்டு, மேலே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி அழுதான். பிறகு தார்ப்பாயின் கயிற்றை இழுத்துச் சைகை காட்டினான்.

மேலே குஞ்சம்மாள் மகனின் முகத்தைப் பார்த்தாள். வரும்போது வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அழுதுகொண்டே இருசம்மாளின் கையைப் பிடிக்க வந்தாள். இருசம்மாள் கைகளைப் பின்னால் இழுத்து முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனியன், "நாளைக்கு ஊமைப்பாறைக்குப் போயி வரலாமா?" என்று கேட்டான்.

"வேணாம் மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு ஜீப் வந்தால் அவன் இறங்கினான், அவள் கயிறு பிடித்தாள். அவள் பாறையில் ஏறவே இல்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து தனசேகரன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தோள்பட்டை இன்னமும் வலிக்கிறது என்றார். பெங்களூரிலிருந்து இளம்பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார். ஊமைப்பாறையை முதலில் ஏறி இருபத்தைந்து வருஷமாகிறது, அவள் போன வழியிலேயே இவர்கள் ஏறப் போகிறார்கள், அடியில் வந்து நின்றாலே போதும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளைகள், பெண்கள்தான் பாதிப்பேர், அவளைச் சுற்றி நின்று கண் விரியப் பார்த்தார்கள். ஒரு பெண் அவள் கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"நீங்க போயி நல்லா ஏறுங்க சார். எனக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். அவள் கொடுத்த மோரை எல்லோரும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். முனியன் அதைக் கவனித்தான்.

அவன்தான் அவர்களோடு போனான். ஒரு சின்னப்பெண் கூரைக்குக் கீழே போய், அதே விரிசலுக்குள் முஷ்டியைச் செருகி, காலை மேலே தூக்கினாள். இருசம்மாள் அடித்த துருப்பிடித்த ஆணியைத் தொட்டு வணங்கிவிட்டு மேலே போனாள். கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள். பாறை ஒரு சத்தத்தையும் திருப்பித் தரவில்லை. முனியன் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்தான். இருசம்மாள் அடுப்பில் உலையை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எப்படி ஏறினாள், எங்கே தயங்கினாள், உச்சியில் எப்படிக் கத்தினாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

"எல்லாரும் நல்லபடியா எறங்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எறங்கிட்டாங்க."

"அவங்கவங்க வூட்டுக்குப் போயிச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு, அரிசியைக் களைய எழுந்தாள்.